ஒரு விரல், இரண்டு விரல்

முப்பது வயதைத் தாண்டிவிட்டோம் என்பதை நம்மில் யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. நம் வகுப்புத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் வருகிற படங்கள்தான் அதைச் சொல்லிக் காட்டுகின்றன. முன்பெல்லாம் கல்யாணப் படங்கள் வரும். இப்போது வருவதெல்லாம் புதுச் சீருடையில் அழுதுகொண்டு நிற்கும் நம் பிள்ளைகள். போன வாரம் ஒருத்தி தன் மகளுக்கு இடம் கேட்டு ஒரு பள்ளிக்குப் போனதை எழுதியிருந்தாள். அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்களாம். "நம்ம காலத்துல இதெல்லாம் இல்லப்பா" என்று உங்களில் பலர் பதில் போட்டிருந்தீர்கள்.

இருந்தது. கேள்வி கேட்பார்கள் என்ற பயமாவது இருந்தது. அந்தப் பயம் எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கக் குடியிருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாக நுழைந்த முதல் ஆள் நான். இதை எங்கே சொன்னாலும் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். அப்பாவுக்கு எண்கள் தெரியும், பேருந்தின் முன்னால் எழுதியிருப்பதைப் பார்த்தால் எந்த ஊர் என்று தெரியும். அம்மாவுக்கு அதுவும் கிடையாது.

இரும்புலியூரில் ஜிஎஸ்டி சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் சந்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் பின்சுவரை ஒட்டினாற்போல எங்கள் வீடு. முன்னறையில் பாதியை மாவு அரைக்கும் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா இட்லி மாவு விற்றாள். கிரைண்டர் ஓடும்போது தரை லேசாக அதிரும். சுவரில் சாய்ந்து படித்தால் அந்த அதிர்வு முதுகெலும்புக்குள் ஏறும். ஊறிய உளுந்தின் வாசனை என் புத்தகங்களில் இருந்தது, தலைமுடியில் இருந்தது. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் "உங்க வீட்ல தினமும் இட்லியாடி?" என்று கேட்டபோது நான் ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் எதற்குக் கேட்டாள் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது.

அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். பெருங்களத்தூரிலிருந்து தாம்பரம், தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர். நாளெல்லாம் ஊர்ப் பெயர்களைக் கூவிக் கூவி அவர் குரல் எப்போதும் கொஞ்சம் கரகரத்தே இருக்கும்.

நம் பள்ளியில் இரண்டு பிரிவுகள் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆறாம் வகுப்பில் ஆங்கிலப் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு அரையாண்டில் ஒரு வாய்மொழித் தேர்வு வைப்பார்கள். அதில் தேறாதவர்களைத் தமிழ்ப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். தமிழ்ப் பிரிவில் படித்தவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. சிலர் இன்று நம்மைவிட நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் எங்கள் சந்தில் அன்றைக்கு அதற்குப் பெயர் 'திருப்பி அனுப்பிட்டாங்க' என்பது. அம்மா அந்த ஒரு சொல்லுக்குத்தான் பயந்தாள்.

அந்தத் தேர்வை நடத்தியது நம் ஆங்கில மிஸ். எப்போதும் யூகலிப்டஸ் தைல வாசனை. கஞ்சி போட்ட பருத்திப் புடவை நடக்கும்போது சரசரக்கும். மிஸ்ஸுக்கு இலக்கணத்தைவிட ஒலிகள்மேல்தான் பிரியம். கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை ஜோடி ஜோடியாகக் கரும்பலகையில் எழுதுவார். கப்பலுக்கு ஷிப், ஆட்டுக்கு ஷீப். இது சுலபம், நம் குறிலும் நெடிலும் போலத்தான். அடுத்த வரிசையில்தான் சிக்கல் தொடங்கும். விலைக்கு ஒரு பிரைஸ், பரிசுக்கு ஒரு பிரைஸ். அரிசிக்கு ஒரு ரைஸ், எழுவதற்கு ஒரு ரைஸ். பனியனுக்கு ஒரு வெஸ்ட், மேற்குக்கு ஒரு வெஸ்ட். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். நாம் எல்லோரும் நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டு படித்தவர்கள்தானே. அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

மிஸ்ஸின் பயிற்சிக்கு ஒரு முறை இருந்தது. ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்க வேண்டும். சொன்ன இரண்டு சொல்லும் ஒன்றாகக் கேட்டால் கேட்பவர் ஒரு விரலைத் தூக்குவார், வேறு வேறாகக் கேட்டால் இரண்டு விரலை. சொல்பவர் நடுநடுவே ஒரே சொல்லை இரண்டு தடவை சொல்லி ஏமாற்றியும் பார்க்கலாம். "சரியாச் சொன்னோமான்னு சொன்னவங்க முடிவு பண்ணக் கூடாது. கேட்டவங்கதான் முடிவு பண்ணணும்" என்பார் மிஸ். அது உச்சரிப்புக்கு மட்டுமான விதி என்று அன்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

வீட்டிலும் இதைச் செய்ய வேண்டும். அதற்கு வீட்டில் கேட்க ஒரு ஆள் வேண்டும். வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இல்லாத பிள்ளைகளை மிஸ் சாயங்காலம் நிறுத்தி, தானே உட்கார்ந்து கேட்பார்.

ஜூலையில் பெற்றோர் கூட்டம் வந்தது. அம்மாவிடம் மாவு வாங்குகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக் குழப்பியிருந்தார்கள். அம்மா அப்பா இங்கிலீஷில் பதில் சொல்லாவிட்டால் பிள்ளையை அந்தப் பிரிவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஒருவர். பெற்றோருக்கு மார்க் போடுகிறார்கள் என்று இன்னொருவர். அம்மா அன்று கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டே முடிவெடுத்துவிட்டாள்.

குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரு அக்கா இருந்தார். சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்து மாவு வாங்குவார். அம்மா அவரிடம் கேட்டாள்.

"மேடம், ஒரு உதவி. எங்க பாப்பா ஸ்கூல்ல மீட்டிங்கு. நீங்க கொஞ்சம் அம்மாவா போயிட்டு வரணும்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "உங்ககூட வரணுமா?"

"என்கூட இல்ல மேடம். எனக்குப் பதிலா."

அக்கா சிரித்துவிட்டார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "சரி, சனிக்கிழமைதானே, போறேன்" என்றார். நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் எனக்கு வினையாக முடிந்தது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "இன்னாமே இது, ரேஷன் கார்டா கைமாத்தா குடுக்கறதுக்கு? நான் போறேன் மீட்டிங்குக்கு. ஸ்டாண்டுல நான் பேசாத பேச்சா?"

"அந்தப் பேச்சுக்குத்தான்யா பயமா கீது" என்றாள் அம்மா.

கூட்டத்துக்குக் கிளம்பும் முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். "அவங்கள அங்க அம்மான்னு கூப்பிடாத. மம்மின்னு கூப்பிடு. இன்னா?" அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லை மட்டும் யாருக்கும் தர மனம் வரவில்லை போலிருக்கிறது.

அக்கா பள்ளியில் ஜமாய்த்துவிட்டார். மிஸ்ஸும் அவரும் ஆங்கிலத்தில் பேசப் பேச, நான் நடுவில் நின்று மாறி மாறி இருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரைஸ், பிரைஸ் என்று மிஸ் ஏதோ விளக்க, அக்கா திருப்பிச் சொன்னார். எனக்கு அந்த இரண்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தனித்தனியாகக் கேட்டன. மிஸ் முகம் மலர்ந்து என் கன்னத்தைத் தட்டினார். "உங்க மம்மியே இவ்வளவு நல்லாப் பேசறாங்க. உனக்கு சாயங்கால வகுப்பு எதுக்கு? வீட்லயே அவங்ககிட்ட சொல்லிப் பழகு."

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பாத்தியாய்யா, தனியா கிளாஸே வேணாம்னுட்டாங்க!" என்று அப்பாவிடம் சொன்னாள். எனக்குத் தேவையான ஒரே வகுப்பை இழந்ததைப் பதவி உயர்வு மாதிரி நினைத்து அன்று கேசரி கிண்டினாள். அதில் போட்ட முந்திரி இன்னும் நினைவிருக்கிறது.

கேட்க ஆள் இல்லாததால் நான் தனியாகப் பழகினேன். பனியனுக்கும் மேற்குக்கும் உதட்டைக் கவனிக்க வேண்டும் என்று மிஸ் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி கொண்டுவரச் சொல்லியிருந்தாரே, நினைவிருக்கிறதா? என்னுடையது ரோஜா நிறப் பிளாஸ்டிக் சட்டம் போட்டது, பின்பக்கம் சீப்பு செருகும் இடம் உண்டு. வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்வேன். மேல் பல் கீழுதட்டில் பட்டால் பனியன். உதட்டைக் குவித்தால் மேற்கு.

இதில் அப்பாவிடம் மாட்டிக்கொண்டேன். ஒருநாள் அவர் வண்டியில் வரும்போது, "வெஸ்ட் தாம்பரம், வெஸ்ட் தாம்பரம்" என்று அவர் கூவ, நான் பின்னாலிருந்து, "அப்பா, நீ சொல்றது பனியன் தாம்பரம்" என்றேன்.

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பனியனோ ஜட்டியோ, ஆள் ஏறுதா இல்லியா? அத்தப் பாரு."

கண்ணாடியும் நானுமாகப் பழகியதில் எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. என் காதுக்கு நான் சொல்வதெல்லாம் சரியாகவே கேட்டது. காலாண்டில் மிஸ் ஒரு முன்னோட்டத் தேர்வு வைத்தார். நான் சொன்ன ஜோடிகளுக்கெல்லாம் கேட்கும் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒற்றை விரலாகத் தூக்கினார்கள். எனக்கு அழுகை வந்தது. மிஸ்ஸுக்குக் கோபம்தான் வந்தது. "வீட்ல அப்படி ஒரு மம்மிய வெச்சுக்கிட்டு இப்படிச் சொல்றியா? பழகறதே இல்ல. நாளைக்கு மம்மிய வரச் சொல்லு." ஆங்கிலம் தெரியாத வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கக்கூடிய பொறுமை எனக்குக் கிடைக்கவில்லை. மிஸ்ஸையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் கண்ணால் பார்த்த அம்மா அந்த அக்காதான்.

அக்காவோ அதற்குள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டிருந்தார்.

"நேரா போய் நான்தான் அம்மான்னு சொல்லு, முடிஞ்சிபோச்சு" என்றார் அப்பா.

"முன்ன வந்தது யாருன்னு கேட்டா? பொய் சொல்லி சேத்த புள்ளன்னு அன்னிக்கே டிசி குடுத்துடுவாங்க" என்றாள் அம்மா. இருந்தாலும் மறுநாள் மாவு வியாபாரத்தை மதியத்தோடு நிறுத்திவிட்டு, தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். உண்மையைச் சொல்லத்தான் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

மிஸ் நிமிர்ந்து பார்த்து, "நீங்க?" என்று கேட்டார்.

அம்மா என் கையை விட்டாள். "இவங்க வூட்ல வேலை செய்யறேங்க. அவங்க அம்மா வெளியூர் போயிருக்காங்க. என்னை அனுப்புனாங்க."

எனக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அம்மா சொல்வதைப் பெரியவர்கள் முன்னால் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. அதைவிட, அவள் அதைச் சொன்ன விதம் அவ்வளவு இயல்பாக இருந்தது.

மிஸ் கொஞ்சம் யோசித்தார். "அவங்கம்மாவுக்கு நேரம் இல்ல போல. பரவாயில்ல, நீங்களே செய்யுங்க. இதுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. காது இருந்தா போதும். திரும்பி உட்காருங்க." அம்மாவை நாற்காலியில் முதுகு காட்டி உட்கார வைத்து, மிஸ் தானே சொன்னார். பிரைஸ், பிரைஸ். அம்மா தயங்கித் தயங்கி இரண்டு விரலைத் தூக்கினாள். ரைஸ், ரைஸ். இரண்டு விரல். பிறகு ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னார். ஒரு விரல். "அவ்வளவுதான்" என்றார் மிஸ். "அரையாண்டுத் தேர்வு அன்னைக்கு இவகூட நீங்களே வாங்க. வீட்ல கேட்டவங்கதான் அன்னைக்கும் கேக்கணும். அன்னைக்கும் இப்படியே சொன்னான்னா தமிழ்ப் பிரிவுக்குத்தான் போகணும்னு அவங்கம்மாகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேங்க."

வெளியே வந்து ரயில்வே சுரங்கப்பாதை வரை நான் அம்மாவோடு சேர்ந்து நடக்கவில்லை. கொஞ்சம் முன்னால் நடந்தேன். அவளே பின்னாலிருந்து பேசினாள். "வேற இன்னா சொல்லச் சொல்ற? வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தம்மா மொகத்தப் பாத்ததும் உள்ள போயிடுச்சு."

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. மாவு புளிக்கவே மாட்டேன் என்றது. அம்மா பாத்திரங்களைக் கோணி சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பாள். அடிக்கடி மின்சாரம் போகும். கிரைண்டர் நின்றதும் வீட்டில் திடீரென்று ஒரு நிசப்தம் வரும், சாலையில் லாரிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவது அப்போதுதான் கேட்கும். அந்த நேரத்தை நாங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டோம். அம்மா அரிசி மூட்டையின் மேல் எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். நான் சொல்வேன். அவள் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுவந்து விரல் காட்டுவாள்.

ஒரு விரல். மறுபடி ஒரு விரல். எத்தனை ஜோடி சொன்னாலும் அதே ஒற்றை விரல்.

"உனக்குச் சரியாக் கேக்கலம்மா" என்றேன் எரிச்சலோடு. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும் என்ற நினைப்பும் அந்த எரிச்சலில் இருந்தது.

அம்மா கோபப்படவில்லை. திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "உங்க மிஸ் சொன்னப்ப ரெண்டாத்தான் கேட்டுச்சு. நீ சொல்றப்ப ஒண்ணாக் கேக்குது."

நான் கண்ணாடியைக் கீழே வைத்தேன். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனை நாளும் நானே சொல்லி நானே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மனதில் எந்தச் சொல்லை நினைத்தேனோ அதுவே காதில் விழுந்திருக்கிறது.

அதன் பிறகு அம்மாவின் விரலை நான் நம்பத் தொடங்கினேன். சாயங்கால வகுப்பில் மிஸ் தொண்டையில் கைவைத்துப் பார்க்கச் சொல்கிறாராம் என்று பக்கத்தில் உட்காருகிறவள் சொன்னாள். வீட்டில் அம்மாவின் கையை எடுத்து என் தொண்டையில் வைத்துக்கொண்டு பரிசைச் சொன்னேன். வண்டு மாதிரி நீட்டிச் சொன்னேன்.

அம்மாவின் புருவம் உயர்ந்தது. "இதுல கிரைண்டர் ஓடுதுடி."

விலையைச் சொன்னேன்.

"இதுல கரண்டு போச்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு பள்ளியிலிருந்து கொண்டுவந்த மனத்தாங்கல் கொஞ்சம் கரைந்தது. ஒவ்வொரு ஜோடியையும் அம்மா அப்படித்தான் பிரித்தாள். பஸ் என்றால் கரண்டு இல்லை, ரீங்காரத்துக்கான சொல் என்றால் கிரைண்டர். ஐஸ் என்றால் கரண்டு இல்லை, கண்களுக்கான சொல் என்றால் கிரைண்டர். விரல்கள் மெல்ல இரண்டாயின. சில நாள் மறுபடி ஒன்றாகும். ஜலதோஷம் பிடித்தால் எல்லாமே ஒன்றாகிவிடும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தமும் கேட்பாள். அர்த்தம் தெரியாமல் விரல் தூக்க மாட்டாளாம். நொறுக்குத் தீனிக்கான ஸ்நாக், பாம்புக்கான ஸ்நேக் என்ற ஜோடியைச் சொன்னபோது, "அப்ப இத்தனை நாளா டிபன் டப்பாவுல இன்னா வெச்சுக் குடுத்தேன்னு உங்க கிளாஸ்ல சொல்லிக்கினு இருந்த?" என்று கேட்டாள். அரிசிக்கும் எழுவதற்கும் உள்ள ஜோடி அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. "ரெண்டும் நம்ம வேலைதான். ஆனா இந்த மழைல ஒண்ணுதான் கீது, இன்னொண்ணு எழவே மாட்டேங்குது" என்று கோணி சுற்றிய பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இதற்கு நடுவில் அப்பா மட்டும் ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். "எல்லாம் சரி. அன்னிக்கு நீ யாரா போற?"

அம்மா கேட்காத மாதிரி உளுந்தைக் களைவாள். நான் தேறினால் இந்தப் பொய் அப்படியே நின்றுவிடும், தேறாவிட்டால் பொய்யோடு சேர்ந்து நானும் போய்விடுவேன் என்பது அவள் கணக்காக இருந்திருக்கலாம். எனக்கோ தேர்வைவிட அந்த அறைக்குள் அம்மாவை யாராக அழைத்துக்கொண்டு போகப்போகிறேன் என்பதே பயமாக இருந்தது.

தேர்வு நாளில் மழை விட்டிருந்தது. வராந்தாவில் கேட்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையனுக்கு அவன் அண்ணன். இன்னொரு பையனுக்கு மெத்தைக் கடை வைத்திருந்த அவன் அத்தா. "கடைய விட்டுட்டு வந்து வெரல் தூக்கிட்டுக் கெடக்கேன்" என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

உள்ளே போனதும் மிஸ் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க. இந்தத் தடவையும் அவங்கம்மா வரலையா?" பதிலை எதிர்பார்க்காமலே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மிஸ் என்னிடம் ஒவ்வொரு அட்டையாகக் காட்டினார், நான் வாசித்தேன்.

இரண்டு விரல். இரண்டு விரல். ஒரே சொல் இரண்டு முறை எழுதிய அட்டைக்கு ஒரு விரல்.

பரிசும் விலையும் வந்தன. நன்றாகப் பழகிய ஜோடி. அந்தத் தைரியத்தில் அவசரமாகச் சொல்லிவிட்டேன்.

அம்மாவின் கை மேலே வந்தது. எங்கள் பட்டியல் முழுக்க அவளுக்கு மனப்பாடம். இது எந்த ஜோடி என்று அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இரண்டாவது விரலைத் தூக்கினால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கை அப்படியே நின்றது. ஒரு விரல்தான் நிமிர்ந்தது.

மிஸ் அம்மாவின் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்லத் தலையசைத்தார். "அவங்க கேட்டது சரி. நீ சொன்னது ஒண்ணாத்தான் இருந்துச்சு. இன்னொரு தடவை சொல்லு. அவசரப்படாம."

நான் தொண்டையில் கைவைத்துக்கொண்டு சொன்னேன்.

அம்மாவின் இரண்டாவது விரல் நிமிர்ந்தது. மீதி அட்டைகளை நான் எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனேன்.

மிஸ் அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டார். அம்மாவிடம் தமிழில் சொன்னார், குரல் கனிந்திருந்தது. "ரொம்ப நல்லாக் கேட்டிருக்கீங்க. இவ இங்கிலீஷ் பிரிவுலயே இருக்கலாம்னு இவங்கம்மாகிட்ட சொல்லிடுங்க."

இதற்குத்தான் இத்தனை நாளும் பயந்தோம். அது முடிந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு வெளியே போனால் போதும். அம்மா எழுந்தாள். வாசல் பக்கம் ஒரு அடி வைத்தாள். பிறகு நின்றாள்.

"கேட்டுக்கினேன் மிஸ்" என்றாள். "நான்தான் இவ அம்மா."

மிஸ்ஸின் கை அட்டைக் கட்டின் மேல் அப்படியே இருந்தது. "அப்போ அன்னைக்கு வந்தவங்க?"

"அவங்க எங்க கஸ்டமரு மிஸ். எங்ககிட்டதான் மாவு வாங்குவாங்க. எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு அவங்கள அனுப்பினேன். புள்ளையத் திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு பயந்துட்டேன். இது புள்ள செஞ்ச தப்பு இல்ல."

மிஸ் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "இங்கிலீஷ் தெரியாத வீட்டுப் பிள்ளைங்களுக்காகத்தாம்மா நான் சாயங்காலம் உட்கார்றேன்" என்றார். "இவளை வேண்டாம்னு வீட்டுக்கு அனுப்பினேனே." அது அம்மாவுக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று எனக்கு இன்றும் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மாவை, முதல் தடவை பார்ப்பது மாதிரி, கொஞ்ச நேரம் பார்த்தார். "அடுத்த மீட்டிங்குக்கு நீங்களே வரணும்."

"இங்கிலீஷ்ல பேசணுமா மிஸ்?"

"மாவு எப்படி அரைக்கறீங்கன்னு தமிழ்லயே சொல்லுங்க. எங்க வீட்ல இந்த மழைல புளிக்கவே மாட்டேங்குது."

"யார் வூட்லயும் புளிக்கல மிஸ்" என்றாள் அம்மா.

அப்பாவின் வண்டி பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தது. பின்னால் இரண்டு மூன்று பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்காகக் கிளம்பாமல் வைத்திருந்ததில் அவர்கள் முகம் சுண்டியிருந்தது. நாங்கள் நெருக்கியடித்து ஏறியதும், கூடை வைத்திருந்த ஒரு அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள். அப்பா வண்டியைக் கிளப்பாமல் திரும்பினார்.

"இன்னா ஆச்சு?"

பாஸ் என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு, "நான்தான் அவ அம்மான்னு சொல்லிட்டேன்யா" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். கூடைக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பின்ன, வேற யாரு?" என்றாள். "வண்டிய எடுப்பா, நேரமாவுது."